பத்து மணிக்கு என் குரல்

என் குரலை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். இளித்துக்கொண்டு, போட்டோவுக்கு நின்று, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது 'பாவம் ஜெசிந்தா, அவளுக்கு என்ன தெரியும்' என்று உச்சுக்கொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தூத்துக்குடியில் 'அண்மை' என்று ஒரு மையம். அதில் வீட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கிறவள் நான். கை கால் விழுந்தவர்கள், கண் தெரியாதவர்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள், அதிலும் வயசாளிகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள். இவர்கள் வீட்டுக்கு நாங்கள் போவோம். குளிப்பாட்டுவோம், புண்ணுக்கு மருந்து வைப்போம், சோறு ஊட்டுவோம், நாலு வார்த்தை பேசிவிட்டு வருவோம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. வேலைக்கு முப்பத்தோரு பேர். எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் எங்கள் வளையத்தில் தொங்கும். பதினாலு வருஷத்தில் நான் கால் வைக்காத வீடு அதில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் தொண்டைக்காய்ச்சல் வந்தது. அதற்குப் பெரிய பேர் ஒன்று உண்டு, எங்கள் வாயில் நுழையாது. முதலில் தொண்டை வீங்கும், குரல் போகும், பிறகு நெஞ்சுக்கு இறங்கும். தெருவுக்குத் தெரு தகரம் அடைத்தார்கள். அன்றன்றைய பட்டியலில் பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் எங்களுக்கே பாஸ். மூன்று வாரத்தில் எங்கள் முப்பத்தோரு பேரில் இருபத்தைந்து பேர் படுத்துவிட்டார்கள். மிச்சம் ஆறு பேர், மூன்று வண்டி. ஒரு வீடு முடிந்தால் பாதுகாப்பு உடுப்பை மாற்றி வண்டியைக் கழுவ வேண்டும். வண்டிக்கு மூன்று வீடு, ஆக ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. தலைகீழாய் நின்றாலும் பத்தாவது வீட்டுக்குப் போக முடியாது.

நானூற்றுப் பன்னிரண்டில் எந்த ஒன்பது? அதைச் சொல்லத்தான் ஒரு மெஷின் வந்தது.

காலை பத்து மணிக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போன் போகும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, உடம்பு எப்படி, யாராவது வர வேண்டுமா என்று கேட்கும். சொல்கிற பதிலையும் கேட்கும், சொல்கிற குரலில் நடுக்கம் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதையும் கேட்கும். கேட்டுவிட்டு ஒவ்வொரு பேருக்கும் ஒரு நிறம் போடும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் வண்டி போகும்.

"உங்க குரல்தான் ஜெசிந்தாக்கா," என்றார் இசக்கிராஜ் சார். மையத்தின் பொறுப்பாளர் அவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். "மூணு பேர் குரலை வச்சுப் பார்த்தோம். மத்த ரெண்டு பேர் பேசினா பாதியிலயே கட் பண்ணிடுறாங்க. உங்க குரல்னா மட்டும் யாருமே வைக்கிறதில்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் ஏசி அறையில் உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் உறவுமுறையோடு படித்தேன். கொம்பையா அண்ணாச்சி, பிரகாசி அக்கா, செல்லக்கனி மதினி, சுடலைமணி மாமா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. நடுவில் மூச்சு வாங்கின இடத்தையெல்லாம் அவர்களே வெட்டி எடுத்துச் சுத்தம் பண்ணினார்கள். இது பதிவுக் குரல் என்று முதல் நாள் எல்லோருக்கும் சொன்னோம். யார் காதிலும் அது ஏறவில்லை. ஜெசிந்தா தினமும் போன் பண்ணுகிறாள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

பத்தொன்பதாவது நாள் கொம்பையா அண்ணாச்சி வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

உப்பளத்தில் வேலை பார்த்த மனுஷன். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, போதாததற்குச் சர்க்கரை. நான்தான் கதவைத் திறந்தேன். பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். மாத்திரை அட்டையில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். காலில் இருந்த புண் முழங்கால் வரை ஏறியிருந்தது. இதெல்லாம் ஒரு நாளில் நடக்கிற காரியமா?

நேராக மையத்துக்குப் போனேன். உடுப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று கத்தினேன்.

"சார், கொம்பையா அண்ணாச்சி என்ன நிறம்?"

இசக்கிராஜ் சார் திரையைப் பார்த்தார். "பதினாறு நாள் பச்சை. கடைசி மூணு நாள் மஞ்சள். போன் எடுக்கல. எடுக்கலைன்னா மஞ்சள்தான் போடும்."

"பச்சையா? அந்தப் புண்ணோடயா? அவரு பேசினதைப் போடுங்க."

போட்டார். முதலில் என் குரல் வந்தது. தேன் மாதிரி இருந்தது, எனக்கே பிடித்தது. 'கொம்பையா அண்ணாச்சி, சாப்பிட்டியளா?' அதற்கு அவர், 'ஆச்சு தாயி. நீ வெயில்ல அலையாத.' ஒவ்வொரு நாளும் அதேதான். 'மாத்திரை போட்டாச்சா?' 'போட்டேன் தாயி.' 'யாராவது வரணுமா?' 'எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன். நீ உடம்பப் பாத்துக்க.' பதினாறாவது நாளும் ராசா மாதிரிதான் இருந்திருக்கிறார்.

"பொய் சொன்னா குரலை வச்சே கண்டுபிடிச்சிரும்னு சொன்னியளே சார்?"

"கண்டுபிடிக்கும்க்கா. குரல்ல தளர்ச்சி இருந்தா, நடுக்கம் இருந்தா கண்டுபிடிக்கும்." அவர் கண்ணைக் கசக்கினார். "ஆனா உங்க குரலைக் கேட்டதும் அவங்க குரல் தெளிஞ்சிருது. போன் எடுக்கிறப்ப 'அலோ'ங்கிறது கேளுங்க, செத்த குரல். நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நிமிர்ந்து உக்காந்துடுறாங்க. அதைத்தான் மெஷின் நலம்னு எடுத்துக்குது."

நம் ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்டால் யார் இல்லை என்று சொல்வார்கள்? பட்டினி கிடக்கிறவன்கூட ஆச்சு என்றுதான் சொல்வான். நேரில் போனால் நாம் அந்தப் பதிலைக் காதிலேயே வாங்க மாட்டோம். நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்ப்போம். அந்தப் பானையைப் பார்க்க மெஷினுக்குக் கண் இல்லை. இதை அந்த ஏசி அறையில் உட்கார்ந்திருந்த எவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பதினாலு வருஷமாய்ப் பானையைத் திறந்து பார்த்த எனக்கே தோன்றவில்லை.

"பிரகாசி அக்கா என்ன நிறம்?" என்றேன்.

"பச்சை. பத்தொன்பது நாளும் பச்சை."

பிரகாசி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வயது. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணம் இல்லை. சக்கர நாற்காலியும் இரண்டாவது மாடியும்தான் அவள் உலகம். லிஃப்ட் கிடையாது. கையும் இப்போது தளர்ந்துபோச்சு. வாரத்துக்கு மூன்று நாள் நான் போவேன். என் புருஷன் செத்த வருஷம் நான் அழுததெல்லாம் அவள் மடியில்தான். என் கூடப்பிறந்தவள்கூட அவ்வளவு செய்யவில்லை.

"அங்க வண்டி அனுப்புங்க சார்."

"பச்சைக்கு எப்படிக்கா அனுப்புறது? பாஸே வராது."

அவருக்குத் தெரியாத வழி ஒன்று எனக்குத் தெரியும். அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் சுடலைமணி மாமா இருந்தார். லாரி ஓட்டினவர், சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். மெஷின் 'சாப்பிட்டியளா மாமா' என்று கேட்டால், 'ஆமா, உங்கப்பன் வந்து வடிச்சுக் கொட்டிட்டுப் போனான்' என்பார். என் குரலுக்கெல்லாம் மசிகிற ஆளில்லை. அதனால் வாரத்தில் நாலு நாள் சிவப்பு, ஊரிலேயே ஒழுங்காகச் சோறு தின்ற ஒரே ஆள் அவர்தான். மறுநாள் காலை அவர் பேர் சிவப்பில் வந்தது. நான் போகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். உடம்பைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "ஏளா, மேல இருக்கவ சத்தத்தக் காணும், பாத்துட்டுப் போ," என்று உள்ளேயிருந்து கத்தினார். என் உடுப்பெல்லாம் அவர் இருமல் பட்டிருந்தது. அதோடு மேலே போனால் அக்காவுக்கு ஒட்டிவிடும். மாற்று உடுப்பு வண்டியில் இருக்கிறது. வண்டிக்குப் போனால் டிரைவர் மறுபடி பச்சை வீட்டுக்கு விட மாட்டார். மாடிப்படியிலேயே அவசர அவசரமாக உரித்துப் போட்டேன். முதலில் கையுறையைக் கழற்றினேனா, முகத்தை முதலில் துடைத்தேனா, இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பதினாலு வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வரிசை அது.

கதவைத் திறந்தேன்.

"யாரது?" என்றது தரையிலிருந்து.

"நான்தான்க்கா."

"இது நீதான். காலைல பேசுனது நீ இல்ல," என்றாள்.

பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கேஸ் தீர்ந்து ஒன்பது நாள். நிரம்பிய சிலிண்டர் அடுப்புக்குக் கீழேயே நிற்கிறது, ஆனால் மாற்றுகிற வலு கையில் இல்லை. அவலை ஊறவைத்துத் தின்றிருக்கிறாள், அதுவும் தீர்ந்துவிட்டது. சேலை நனைந்து காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் போன். அன்று காலைகூட அதை எடுத்து 'ஆச்சு ஜெசி' என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சாக்கா? இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மொதல்ல தண்ணி குடு. பொறவு ஏசு."

கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

"முப்பத்திரண்டு வருசம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவட்டி நான். மொத நாளே தெரிஞ்சுபோச்சு. உனக்கு இளைப்பு. 'சாப்ட்டியளாக்கா'ன்னு கேக்கதுக்குள்ள ரெண்டு மூச்சு வாங்குவ. அது ஒரே மூச்சுல கேக்குது. மூச்சே விடாதவ எங்க ஊர்ல யாருட்டி?"

"மெஷின்னு தெரிஞ்சும் ஏன்க்கா பொய் சொன்னிய?"

"மெஷினுக்கா சொன்னேன்? உனக்குச் சொன்னேன். சாப்பிடலன்னு சொன்னா யார அனுப்புவாவ? ஆறு பேர்தான் நிக்கியன்னு கீழ சுடலைமணி கத்துததுலயே தெரியுது. உன்னத்தான அனுப்புவாவ? இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு நீ அந்தக் காய்ச்சலுக்குள்ள நடந்து வரணுமா, எனக்கு ஒரு வா சோத்துக்காக?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. கொம்பையா அண்ணாச்சியும் இதைத்தானே செய்திருக்கிறார். வெயிலில் அலையாதே என்றாரே. என்மேல் பிரியம் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராய் எனக்காகப் பட்டினி கிடக்கிறார்கள். பிரியமே இல்லாத சுடலைமணி மாமா பிழைத்துக் கிடக்கிறார். வேறு யார் குரலைப் போட்டிருந்தாலும் இவ்வளவு பேர் பச்சையாய் இருந்திருக்க மாட்டார்கள்.

அவளைக் குளிப்பாட்டிக் கட்டிலில் ஏற்றினேன். சிலிண்டர் மாற்றினேன். அரிசி, பருப்பு எல்லாம் அவள் கைக்கெட்டுகிற உயரத்தில் வைத்தேன். கணக்குப் போட்டால் பத்து நாளைக்குத் தாங்கும். கீழே வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"என் தலைல கை வச்சுச் சொல்லுங்க. இனிமே சாப்பிடலன்னா சாப்பிடலன்னுதான் சொல்லணும். மாதா மேல சத்தியம்."

கையை வைத்தாள். "சத்தியம். நீ உங்க சார்ட்ட ஒண்ணு சொல்லு. உன் குரலத் தூக்கிட்டு, ரேஷன் கடைல எடை போடுதவன் குரலப் போடச் சொல்லு. அவன் 'சாப்ட்டியா'ன்னு கேட்டா ஊரே சேந்து வண்ட வண்டையா உண்மையச் சொல்லும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாக நேரில் பார்த்துச் சிரித்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். இருபது நாளாய் அவர் மையத்திலேயே பெஞ்சில் படுத்துக் கிடந்தவர். வீட்டில் அவர் அம்மாவும் நடக்க முடியாதவர்தான். அவரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குரலை மாத்தலாம்க்கா, ஒரு நிமிஷ வேலை. மாத்தினா நாளைக்கு எத்தனை சிவப்பு வரும்? இருநூறு வருமா? என்கிட்ட ஒன்பது வீட்டுக்குத்தான் வண்டி. மிச்சம் நூத்தித் தொண்ணூத்தோரு பேர் சிவப்பா நிக்கிறதைப் பார்த்துட்டு நான் இங்க எப்படி உக்காந்திருப்பேன்?"

"அப்போ பாக்காம இருந்தா சரியாப் போச்சா சார்? அவிய வயிறு ரொம்பிருமா?"

"மேலிடத்துக்கு வண்டி கேட்டு எழுதினேன். உங்க ஊருல நூத்துக்குத் தொண்ணூறு பேர் பச்சை, வண்டி எதுக்குன்னு பதில் வருது. அது மட்டுமில்ல." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவ்வளவு பச்சை வேற எந்த ஊர்லயும் இல்லையாம். இன்னும் மூணு ஊருக்கு உங்க குரலைத்தான் கேட்டிருக்காங்க. நேத்தே அனுப்பிட்டேன்."

நாசமாய்ப் போக என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

ஐந்தாம் நாள் எனக்குத் தொண்டை வீங்கியது. மாடிப்படியில் தப்பு பண்ணினேன் என்றேனே, அதன் பலன். ஒரு கல்யாண மண்டபத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். மேடையில் மணமக்கள் நாற்காலிகூட அப்படியே இருந்தது. இரண்டு நாளில் என் குரல் சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூச்சுக்கு மூக்கில் குழாய்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். இடது கை விளங்காது, குரல் இன்னும் போகவில்லை. அவரும் எங்கள் பட்டியல் ஆள்தான், வலம்புரி அண்ணாச்சி. மூக்கில் குழாயும் முகத்தில் துணியுமாய்க் கிடந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் இட்லிப் பொட்டலம் கொண்டு வந்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டின பொட்டலம். ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தார். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அங்கே முந்தின நாள் பொட்டலமும் பிரிக்காமல் இருந்தது.

பத்து மணிக்கு அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

'வலம்புரி அண்ணாச்சி, சாப்பிட்டியளா?' என்று நான் கேட்டேன். அதாவது, அது கேட்டது.

கிழவர் முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "ஆச்சும்மா! இட்லி. நல்லா கவனிக்காவ. நீ பத்திரமா இருக்கியா?"

நான் எழுந்து போனேன். குழாய் எட்டுகிற தூரம்தான். பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "சாப்பிடலியே நீங்க? ஏன் பொய் சொன்னிய?" என்று கரகரத்தேன்.

"அந்தப் புள்ளகிட்ட போய் அதச் சொல்லவா?" என்றார் இட்லியைப் பிட்டுக்கொண்டே. "நானூறு வீட்டுக்கு ஓடுத புள்ள. பாவம்லா. எனக்கு ரெண்டு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல, வயிறு எரியுது. நீ யாரும்மா?"

இரண்டு நாள் பட்டினியை எனக்கு அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஏன்? நான் யாரோ. யாரோ ஒருத்திக்காக எவரும் பட்டினியை மறைப்பதில்லை.

என் பையில் வீட்டுப் பராமரிப்பு நோட்டு இருந்தது. எல்லோர் நம்பரும் அதில் உண்டு. அன்றைக்கே ஆரம்பித்தேன். ஒரு போன், அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்கல், அடுத்த போன். பேர் சொல்லவில்லை, உறவு சொல்லவில்லை. "மையத்துலேர்ந்து பேசுதோம். சாப்ட்டியளா?" என்று அந்தத் தகரக் குரலில் கேட்டேன்.

அம்மாடி! என்ன ஏச்சு, என்ன சாபம்! "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" "நாங்க செத்தா என்ன இருந்தா என்ன?" "நீ யாருட்டி? அந்த ஜெசிந்தாகிட்ட குடு. வேண்டாம், குடுக்காத, அவ வருத்தப்படுவா." ஏசி முடித்ததும் உண்மையைச் சொன்னார்கள். ஒருத்தருக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்து மூன்று நாள். ஒருத்தர் முதுகுப்புண்ணில் எறும்பு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். முதல் நாள் முப்பத்தோரு பேர் பேசினார்கள், அதில் நல்லா இருந்தது ஐந்து பேர்.

இசக்கிராஜ் சாருக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் போன் பண்ணினார்.

"அக்கா, நீங்க தினமும் ஒன்பது பேர் எழுதி அனுப்புங்க. மெஷின் பட்டியலை எடுத்துட்டு நான் கையால ஏத்திடுறேன். வேலை போனாப் போகட்டும்." பிறகு குரல் உடைந்து, "யார் அந்த ஒன்பதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. என்கிட்ட கேக்காதீங்க. என்னால ஆகாது," என்றார்.

ஆக அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. தினமும் காலையில் பத்து மணிக்கு முன்னால் ஒன்பது பேர். பத்தாவது பேரை எழுதாமல் விடுகிறபோது அந்த வீட்டின் வாசல், கொடியில் காய்கிற துணி, எல்லாம் எனக்குத் தெரியும். மெஷினுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டு முறை, நான் எழுதாமல் விட்ட பேர் மறுநாள் போனை எடுக்கவில்லை. அந்தப் பேர்களைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

பிரகாசி அக்காவுக்கு மட்டும் நான் போன் பண்ணவில்லை. பத்து நாளைக்கு அரிசி இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையான காரணம் வேறு. அந்தக் காதுக்கு முன்னால் நான் யாரோ ஒருத்தியாக நடிக்க முடியாது.

பதினோராம் நாளும் வந்தது. அவளிடம் ஒன்றும் இருக்காது என்று எனக்குக் கணக்குத் தெரியும். அன்று காலையில் எட்டுப் பேரை எழுதி முடித்திருந்தேன். மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்கு முன்னால் செல்லக்கனி மதினியிடம் பேசியிருந்தேன். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. புருஷனுக்குப் பக்கவாதம், இப்போது காய்ச்சலும் வந்துவிட்டது. "மூணு நாளா ரெண்டு பேருக்கும் தண்ணிதான் தாயி. அவிய மூச்சு ஒரு மாதிரி கேக்கு. தொட்டுப் பாத்தா கொதிக்கி. நீ யாரா இருந்தாலும் சரி, யாரையாவது அனுப்பு," என்று அழுதார்.

அவர் பேரை எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பிரகாசி அக்காவுக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். போனுக்குள் பிரிட்ஜ் மோட்டார் உறுமுகிற சத்தம் கிட்டத்தில் கேட்டது. கட்டிலிலோ நாற்காலியிலோ இருந்தால் அந்தச் சத்தம் கேட்காது. தரையில் கிடந்தால்தான் கேட்கும்.

"மையத்துலேர்ந்து பேசுதோம்," என்றேன். என்னால் முடிந்த மட்டும் குரலைத் தடிப்பாக்கினேன். இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. "சாப்ட்டியளா?"



"ஆச்சு ஜெசி," என்றாள்.

"சத்தியம்லா பண்ணுனிய? என் தலைல கை வச்சு?"

"அதான் சொல்லுதேன்லா, ஆச்சுன்னு. சோறு, பருப்பு. நேத்து வச்ச ரசம் வேற இருக்கு." குரல் தெளிவாக, கணீரென்று வந்தது, டிரங்க் கால் போடுகிறவள் குரல் மாதிரி. "என்னப் பாக்க வந்துதான உனக்கு இப்படி ஆச்சு. உன் தொண்டையக் கேக்க முடியலட்டி. மருந்து குடுக்காவளா? நீ சாப்ட்டியா?"

காலையில் வைத்துவிட்டுப் போன பொட்டலம் என் மடியில் பிரிக்காமல் இருந்தது. எச்சில்கூடத் தொண்டையில் இறங்கி நாலு நாள் ஆகிறது.

"ஆச்சுக்கா," என்றேன்.

"நல்லது. வை. பேசாத, மூச்சு வாங்குது."

அவளே வைத்துவிட்டாள். மணி பத்தாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. நோட்டில் ஒன்பதாவது இடத்தில் செல்லக்கனி மதினி பேரை எழுதினேன். பிரகாசி அக்கா பேருக்கு நேரே, மெஷின் போடுகிற மாதிரியே, 'சாப்பிட்டாச்சு, பச்சை' என்று எழுதி சாருக்கு அனுப்பினேன்.